ஸ்வீடனுக்குப் பத்து யூரோ

பெயர் தெரியாமல் பணம் கட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பில் எங்களிடம் முதலில் கேட்டது பெயரைத்தான். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பதின்மூன்று இலக்க அடையாள எண், தொலைபேசி, கையெழுத்து. வகுப்புக்குச் செலவு செய்யும் வெளிநாட்டு அறக்கட்டளை வருகைப் பட்டியல் கேட்கிறதாம். பட்டியல் ஒரு சுற்று வந்து முடிந்ததும் ஆசிரியரோடு சேர்த்து எங்கள் ஆறு பேரையும் பலகைக்கு முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். அதுவும் அறக்கட்டளைக்குத்தான். படம் எடுக்கும் நேரத்தில் ரோசாந்தா அத்தை மட்டும் காலணிக் கயிறு கட்டக் குனிந்துகொண்டாள். அவள் போட்டிருந்தது கயிறில்லாத காலணி.

தொழிலாளர் பல்கலைக்கழகம் என்று இன்னும் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடம். தொழிலாளர்கள் கீழ்த்தளத்தில் இருக்கும் பந்தயக் கடைக்கு மட்டும் வருவார்கள். வகுப்பு இரண்டாம் மாடியில், செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு. பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இந்தச் சான்றிதழ் இருந்தால் நகராட்சி வேலைக்கு இரண்டு மதிப்பெண் கூடும் என்று யாரோ சொன்னதால் சேர்ந்தேன். யார் சொன்னது என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. யாருமே சொல்லாமல் நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். அன்றன்று குறித்து வைத்த தாள்கள் இருக்கின்றன. குறிக்காமல் விட்ட இடங்களில் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எங்கள் ஆசிரியர் வெலிசார். வயது முப்பத்திரண்டு. வியன்னாவில் ஒரு கிடங்கில் இரண்டு மாதம் பெட்டி அடுக்கிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது இணையப் பாதுகாப்பு நிபுணராகத் திரும்பியவர். எங்கள் ஊரில் யாரும் இதை விசாரிக்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் ஏற்கனவே தெரியும். மடிக்கணினியின் கேமராமேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தார். அந்த நாடாவின்மேல் இன்னொரு நாடா.

"உங்களை யாரும் பார்க்கலைன்னு நினைக்கிறீங்களா?" என்று தொடங்கினார்.

முன்வரிசையில் இருந்த த்ரிஃபுன் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று நாட்டு உளவுத்துறைகள் தன் மெயிலைப் படிக்கின்றன என்று பத்து வருடமாகச் சொல்லிவருகிறார். அவருடைய மெயிலில் வருவது மருந்துக்கடை விளம்பரமும் சிகாகோவிலிருந்து தங்கை அனுப்பும் பூனைப் படங்களும். டாக்சி ஓட்டும் ஓப்ரெனும் அதே ரகம். தன் காரில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருக்கிறார்கள் என்று ஏறுகிற ஒவ்வொரு பயணியிடமும் சத்தமாகச் சொல்வார். எங்கள் ஊரில் ஒருவரைக் கண்காணிக்க உளவுத்துறை எதற்கு? காலையில் ரொட்டிக் கடை வரிசையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

அன்றைக்குக் கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள்.

"சார், கார்டு இல்லாம, பேரு இல்லாம, ரகசியமா மெயில் அனுப்புற சேவைக்கெல்லாம் பணம் கட்ட முடியுமா?" ரோசாந்தா அத்தை கேட்டாள்.

வெலிசார் சிரித்தார். "ரோசாந்தாம்மா, நீங்க சமைக்கிற சர்மாவுல இறைச்சியை வச்சு முட்டைக்கோஸ் இலையை எப்படிச் சுருட்டுறீங்கன்னு எந்த நாட்டு உளவாளி தேடிக்கிட்டிருக்கான்?"

ஆண்கள் மூவரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். "இல்ல சார், சும்மாதான். தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

பிறகு அவர் சொல்லத்தான் செய்தார். ஸ்வீடனில் ஒரு சேவை இருக்கிறது. தடம் தெரியாமல் இணையத்தில் போகவும் மெயில் அனுப்பவும் வழி செய்கிறது. அது பெயர் கேட்காது. நீளமான ஒரு எண் மட்டும் கொடுக்கும். அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, பத்து யூரோ நோட்டோடு உறையில் போட்டுச் சாதாரணத் தபாலில் அனுப்பினால் இரண்டு மாதம் ஓடும். அனுப்புநர் பெயர் எழுதவே கூடாது. அடுத்த வாரத்துக்குள் எல்லோரும் இதைச் செய்து வர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம்.

வகுப்பு முடிந்து பாலம் வரை நானும் அத்தையும் சேர்ந்து நடந்தோம். அவள் என் அம்மாவின் பழைய சிநேகிதி, நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரி. பாலத்தின் நடுவில் நின்று, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"மிலியானா, போன மாசம் காப்பகத்துல பதினோரு குழந்தைங்க வாந்தி எடுத்துதே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. அந்த உதவியாள் ஸ்தானா கை கழுவலைன்னு வேலையை விட்டு எடுத்தாங்களே."

"அவ ஒரு நாளைக்கு நாப்பது தடவை கழுவுவா, பாவி. தோலே உரிஞ்சு கிடக்கும்." அத்தை குரலை இறக்கினாள். "வர்ற கோழி, தேதி முடிஞ்ச கோழி. பழைய சீட்டுக்கு மேல புதுச் சீட்டு ஒட்டி வருது. நான் உரிச்சுப் பாத்தேன், படமும் எடுத்து வச்சிருக்கேன். சப்ளை பண்றது யாரு தெரியுமா? எங்க காப்பக இயக்குநர் ராதோயே சாரோட மச்சான்."

தலைநகரில் ஒரு செய்தித்தளத்துக்கு முடிதிருத்தும் கடைத் தொலைபேசியிலிருந்து பேசியிருக்கிறாள். படங்களை அனுப்புங்கள், நாங்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள், அதற்குப் பாதுகாப்பான ஒரு மெயில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் அங்கிருந்த பெண் நிருபர். அத்தையின் கைப்பேசி இணைப்பு காப்பகம் கொடுத்தது; பில் இயக்குநர் மேசைக்குப் போகும். சம்பளம் வரும் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அவர் தங்கை. அத்தையின் மகன் மாட்டியா நகராட்சி வாகனக் கொட்டகையில் மாத ஒப்பந்தத்தில் இருக்கிறான். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ராதோயேயின் கட்சிக்காரர்.

"தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சோறு இல்ல," என்றாள். "வகுப்புக்கு நான் வந்தது இதுக்குத்தான். நீயும் சர்மான்னு சிரிச்சியா?"

நான் சிரித்திருந்தேன். கொஞ்சம்தான். இருந்தாலும் சிரித்திருந்தேன்.

அதற்கு ஈடாகத்தான் தபால் நிலையத்துக்கு அவளோடு போனேன் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை, என் மதிய இடைவேளையில். கவுண்டரில் ஸோர்கா. எங்கள் ஊரில் உறையைப் பிரிக்காமலே படிக்கக்கூடிய ஒரே ஆள்.

"அடி ரோசாந்தா! ஸ்வீடனா? ஸ்வீடன்ல உனக்கு யாரு?" உறையைத் திருப்பினாள். "அனுப்புநர் எங்க?"

"இல்ல."

"இல்லன்னா? நீ இல்லையா? என் முன்னாடி நிக்கிறது யாரு, உன் ஆவியா?" என்னைப் பார்த்தாள். "நீ யாரு வீட்டுப் பொண்ணு? கண்ணாடிக் கடையில இருக்கியே... ஓ, நாதாவோட மகளா? மெலிஞ்சு போயிட்டியே." பேசிக்கொண்டே உறையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "அய்யய்யோ! உள்ள பணம் வச்சிருக்க!"

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நான்கு பேர். நான்கு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"சாதாத் தபால்ல போடு, ஸோர்கா," என்றாள் அத்தை.

"பணத்தை எவளாவது சாதாத் தபால்ல போடுவாளா? பதிவுத் தபால் பண்ணு. பேரு, விலாசம், அடையாள அட்டை. நம்ம தபால்காரனுங்க லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"பரவாயில்ல. சாதாவே போதும்."

"அப்போ யாருக்குன்னாவது சொல்லு. பொம்பளைக்குப் பொம்பளை கேக்குறேன்."

அத்தை கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். உதவி செய்வதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன்.

"தெரிஞ்சவன் ஒருத்தனுக்கு," என்றேன்.

தெரிந்தவள் என்று சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர் என்று சொல்லியிருக்கலாம். கடன், மருந்து, செத்துப்போனவருக்கு மலர்வளையம், எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிறகு ஒரு தாளில் பன்னிரண்டு பதில்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டும் நான் சொன்னதைவிட மேல். நான்கு வருடமாக விதவையாக இருக்கும் ஐம்பது வயதுப் பெண், ஸ்வீடனில் தெரிந்தவன் ஒருத்தனுக்குப் பெயர் போடாமல் பணம் அனுப்புகிறாள். ஸோர்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் தபால்தலையை எடுத்து, நாக்கால் நனைத்து, ரொம்ப மென்மையாக ஒட்டினாள்.

"போய்ச் சேரும்டி, கவலைப்படாத," என்றாள்.

உறைக்கு முன்னால் செய்தி ஊர் சுற்றி முடித்துவிட்டது. நான் கடைக்குத் திரும்பிய ஒரு மணி நேரத்தில், படிக்கும் கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா, "ரோசாந்தாவை எவனோ கம்ப்யூட்டர்ல மயக்கிட்டானாமே?" என்று என்னிடமே கேட்டாள். மாலையில் அந்த ஆள் டாக்டர் ஆகியிருந்தான். மறுநாள் எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர். இதுவரை நாலாயிரம் யூரோ போய்விட்டது என்றார்கள். வீட்டை விற்கப் போகிறாள் என்றார்கள். பொய்ச் சீட்டு ஒட்டிய கோழியைத் தன் குழந்தை தின்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஊர், ஒருத்தியின் பத்து யூரோவுக்காக மூன்று நாள் தூக்கம் கெட்டுக் கிடந்தது.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க அத்தை வீட்டுக்குப் போனேன். காபி வைத்துக்கொண்டிருந்தாள். நான் தொடங்குவதற்குள் அவள் கொழுந்தன் புனீஷா உள்ளே வந்தார். உட்காரவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை.

"அண்ணி, நான் கேக்குறதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க. ஊர் பேசுறது நிஜமா?"

"ஊர் நிறைய பேசுது. எது?"

"ஸ்வீடன்காரன்."

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இப்போது நான் எழுந்து, இல்லை மாமா, அது ஒரு சேவைக்கு அனுப்பிய பணம் என்று சொன்னால் போதும்; அத்தையின் மானம் தப்பும். என்ன சேவை, எதற்கு என்பது அவருடைய அடுத்த கேள்வி. புனீஷா மாமா நல்ல மனிதர். அவர் காதில் விழுந்த எதையும் மதுக்கடையில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிற அளவு நல்ல மனிதர். அத்தை என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். மூடினேன்.

"நிஜந்தான்," என்றாள் அத்தை.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் படம் அங்க தொங்குது. அது பாக்கப் பாக்க..."

"பாக்கட்டும். அவரு உயிரோட இருந்தப்பவும் பாத்துக்கிட்டு சும்மாதான் இருந்தாரு."

"பேரு என்ன அவனுக்கு?"

அத்தை காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். "பெங்ட்."

"பெங்டா? தட்டு கீழ விழுந்த சத்தம் மாதிரி இருக்கு. எவ்வளவு அனுப்பினீங்க?"

"பத்து யூரோ."

"பத்தா?" மாமா அதற்குத் தயாராக வரவில்லை. "ஆயிரமா பத்தா?"

"வெறும் பத்து."

"ஸ்வீடன்ல இருக்கிறவன்... பத்து யூரோவுக்கா? த்தூ! அங்க ஒரு காபிக்கே ஆறு யூரோ! மயக்குறதுன்னு வந்துட்டா ஒழுங்கா மயக்க மாட்டானா? நம்ம குடும்பத்துப் பொம்பளை பத்து யூரோதான் பெறுவாளா?" அவருடைய கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது. கடைசியில் தொப்பியை இன்னும் அழுத்திப் போட்டுக்கொண்டார். "இனிமே பண்டிகைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க, அண்ணி. என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்காங்க."

அவர் போன பிறகு அத்தை இரண்டு கிண்ணத்தில் காபி ஊற்றினாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அத்தை."

"கூடாதுதான். ஆனா யோசிச்சுப் பாரு. ரோசாந்தா கிறுக்கச்சி, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா காதல் பண்றான்னு ஊரே நினைக்குது. பின்னாடி மறைஞ்சுக்க இதைவிட நல்ல கதவை நான் எங்க போய் வாங்குவேன்?" கிண்ணத்தைக் கையில் சுற்றினாள். "என் புள்ள மாட்டியாதான் பேச மாட்டேங்கிறான். மூணு நாளாச்சு. வேலை செய்ற இடத்துல அவனை ஸ்வீடன்காரனோட மகன்னு கூப்பிடுறானுங்களாம்."

"அவன்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்களேன்."

"ரெண்டு கிளாஸ் உள்ள போனா அவனே ஒலிபெருக்கி. வேண்டாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை வெலிசார் வீட்டுப்பாடம் கேட்டார். த்ரிஃபுன் மாமா பெருமையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். பதிவுத் தபால் ரசீது. பெயர், விலாசம், நேரம், தபால் முத்திரை, எல்லாம் இருந்தன. ஓப்ரெனும் அதே மாதிரி ஒன்றை எடுத்தார். மூன்றாவது ஆளும் அதையே.

"யோவ், பேரு போடாதீங்கன்னுதானேய்யா சொன்னேன்!" என்றார் வெலிசார்.

"பணம் இருக்கில்ல சார்? சாதாத் தபால்ல போட்டா அமுக்கிடுவானுங்க," என்றார் ஓப்ரென்.

"அரசாங்கத்துக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவும்?"

"அரசாங்கத்தை நான் நம்பலை. தபால்காரனையும் நம்பலை. ஒருத்தனுக்குப் பயந்து இன்னொருத்தன்கிட்ட ஏமாறச் சொல்றீங்களா?" த்ரிஃபுன் மாமா ரசீதைத் திரும்ப எடுத்து நான்காக மடித்தார். "தொலைஞ்சா இதைக் காட்டி நஷ்ட ஈடு கேப்பேன். நீங்க எப்படிக் கட்டுனீங்க சார்?"

வெலிசார் தொண்டையைச் செருமினார். தான் கட்டுவது கிரிப்டோ என்கிற மின்காசில் என்றார். யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம். அந்தக் காசை எதைக் கொண்டு வாங்கினார் என்று நான் கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. குறிப்பில் அந்த இடம் காலியாக இருந்தது.

"கார்டுலதான்."

"உங்க கார்டுலயா சார்?"

"எங்க அம்மா கார்டு," என்றார் வெலிசார். அதையும் ஒரு தந்திரமாகச் சொன்னார்.

அறையில் இருந்த ஆறு பேரில் வீட்டுப்பாடத்தைச் சரியாகச் செய்தவள் ஒருத்தி. ஸ்வீடன், பத்து யூரோ, பெயரில்லாத உறை என்பது தான் கொடுத்த பாடமேதான் என்று வெலிசாருக்குத் தோன்றவே இல்லை; ஊர்க்கதை முந்திக்கொண்டது. அவள் பக்கம் திரும்பியதும் அவர் குரல் இனித்தது.

"ரோசாந்தாம்மா, உங்க கதை எங்க அம்மா வரைக்கும் வந்துருச்சு. வருத்தமா இருக்கு. என் வகுப்புக்கு வந்தும் இப்படி ஆகலாமா?" பலகையில் பெரிய எழுத்தில் 'காதல் மோசடி' என்று எழுதினார். "எல்லாரும் குறிச்சுக்குங்க. முதல்ல சின்னத் தொகை கேப்பான். பத்து, இருபது. தனியா இருக்கிற, வயசான, விவரம் தெரியாத பொம்பளைங்களாத் தேடிப் பிடிப்பான்."

முழுதாக நாற்பது நிமிடம் பேசினார். அத்தை தலையைக் குனிந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். சந்தைக்குப் போகும் பட்டியல்: வெங்காயம், மாவு, தீப்பெட்டி. அடியில் அந்த நிருபருக்கு அனுப்ப வேண்டிய படங்களின் தேதிகள்.

உறை போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. என் அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினியைக் கொடுத்திருந்தேன். கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவில், அத்தை அந்த நீள எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். இரண்டு மாதம் இருக்கிறது என்று திரையில் வந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"பெங்ட் நல்லவன்டி," என்றாள்.

படங்கள் போயின. கேள்விகள் வந்தன, பதில்கள் போயின. அடுத்த திங்கட்கிழமை செய்தித்தளத்தில் எல்லாம் வந்துவிட்டது: பழைய சீட்டு, அதன்மேல் புதுச் சீட்டு, இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம். ஊர் ஒரு நாள் கொதித்தது. இரண்டாம் நாள் பேச்சு கோழியை விட்டு, யார் காட்டிக்கொடுத்தது என்ற பக்கம் திரும்பியது. எங்கள் ஊருக்குப் பிடித்த கேள்வி அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை வெலிசார் கடைக்கு வந்தார்.

"மிலியானா, ஒரு மணி நேர வேலை, இருபது யூரோ. உன் கையெழுத்து அழகா இருக்கும், வரிசையா எழுதுவ. காப்பகத்துல ஒரு விசாரணை. ராதோயே சார் என்னைக் கூப்பிட்டிருக்காரு."

"என்ன விசாரணை?"

"எல்லார் போனையும் பாக்கப் போறோம். படம் எந்தப் போன்ல எடுத்ததுன்னு கண்டுபிடிச்சுடலாம்."

மூன்று வாரமாக, யாரிடமும் உங்கள் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள், போலீஸ் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர். இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் வேறு யாரையாவது அழைத்துப் போயிருப்பார் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு போனேன்.

காப்பகத்தில் விளையாட்டு அறையைக் காலி செய்து, பதினான்கு ஊழியர்களையும் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால்கள் முகவாய் வரை வந்திருந்தன. ராதோயே மட்டும் பெரிய நாற்காலியில். அறைக்குள் நுழைவதற்கு முன்பே தாழ்வாரத்தில் அத்தை என்னை உரசிக்கொண்டு போயிருந்தாள்.

"அந்த நிருபர் இந்த வாரத்துச் சீட்டும் கேட்டா," என்றாள் உதடு அசையாமல். "காலையில நாலு படம் எடுத்தேன். அழிக்கலை. உள்ளதான் இருக்கு." ஏப்ரன் பையைத் தொட்டுக் காட்டினாள்.

விசாரணை தொடங்கியது. வெலிசார் ஒவ்வொருவர் கைப்பேசியாக வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். நான் பெயரை எழுதி, பக்கத்தில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதினேன். ஒரு ஆசிரியையின் கைப்பேசியில் ராதோயேயைப் பற்றிய கேலிப் படம் ஒன்று இருந்தது. ராதோயே காதுவரை சிவந்தார். காவலாளியின் கைப்பேசியில் இருந்தவற்றைப் பார்த்து வெலிசார் வேகமாகத் திருப்பிக் கொடுத்தார். துணி துவைக்கும் பெண் அழுதாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பத்தாவது பெயரைத் தப்பாக எழுதி, அடித்துத் திரும்ப எழுதினேன்.

பன்னிரண்டாவது ரோசாந்தா.

அத்தை ஏப்ரன் பையில் கைவிட்டாள். கைப்பேசியை வெளியே எடுத்தாள். வெலிசார் கையை நீட்டியவர், அவளைப் பார்த்ததும் நீட்டிய கையை அப்படியே ஆட்டிச் சிரித்தார்.

"இவங்க வேண்டாம் சார்."

"ஏன்?" என்றார் ராதோயே.

"என் மாணவி சார். எனக்குத் தெரியாதா? மூணு வாரம் தலைகீழா நின்னு சொல்லிக்கொடுத்தும், உறையில பணத்தைப் போட்டுக் காதலனுக்கு அனுப்பினாங்க. இந்தம்மா படத்தை எடுத்து, மறைச்சு, தடம் தெரியாம அனுப்பிச்சிருப்பாங்களா? அதுக்கு ஒரு மூளை வேணும் சார்."

குட்டி நாற்காலிகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. பயந்து போயிருந்த எல்லோருக்கும் சிரிக்க ஒரு ஆள் தேவையாக இருந்தது. துணி துவைக்கும் பெண்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ராதோயேக்கும் வயிறு குலுங்கியது.

"எப்படி இருக்காரு ரோசாந்தா உங்க மாப்பிள்ளை? அவரு பேரு என்ன, டிங்கா டாங்கா?"

"பெங்ட், சார்."

"எப்ப வர்றாராம்?"

"அடுத்த மாசம் வர்றேன்னு எழுதியிருக்காரு."

"வர மாட்டான், ரோசாந்தாம்மா," என்றார் வெலிசார், உண்மையான பரிவோடு. "எழுதி வச்சுக்குங்க. அப்படி ஒரு ஆளே கிடையாது."

"தெரியும் சார்," என்றாள் அத்தை. "இருந்தாலும் மனசு கேக்கலை."

மறுபடியும் சிரிப்பு. அவள் கைப்பேசியைத் திரும்ப ஏப்ரன் பைக்குள் போட்டாள். முகம் சிவந்திருந்தது. நடிப்பு இல்லை அது. பதின்மூன்று பேர் சிரிக்கும்போது யாருக்கும் சிவக்கும். நான் பெயருக்குப் பக்கத்தில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதினேன். வெலிசார் பதின்மூன்றாவது ஆளின் கைப்பேசியை வாங்கினார்.

"சார்," என்றாள் அத்தை, குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்துகொண்டே. "அடுப்புல பால் இருக்கு. பொங்கிடும். நான் போகட்டுமா?"

"போங்க, போங்க," என்றார் ராதோயே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு.